பெர்த்தில் இருக்கும் பிள்ளை

14.01.2024

அன்புள்ள அத்தைக்கு,

எபி எழுதுவது. நான் இங்கே சுகம். நீங்களும் அக்காவும் அத்தானும் கர்த்தர் தயவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புத்தாண்டு வாழ்த்து இவ்வளவு தாமதமாக வருவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முழங்கால் வலியால் நீங்கள் வரவில்லை என்று அக்கா சொன்னாள். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, இந்த மாதமும் வரவில்லை. குறை சொல்லவில்லை. டேக்கா வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, வரிசையில் காத்திருந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் போக இந்த வயதில் யாருக்குத் தெம்பு இருக்கும். ஆனாலும் அக்கா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது. அடுத்த முறை வாருங்கள் அத்தை. பேசக்கூட வேண்டாம், சும்மா திட்டிவிட்டுப் போங்கள்.

சபையில் எனக்கான ஜெபம் இன்னும் ஓடுகிறதா? பெர்த்தில் எனக்கு நல்ல பேராமே, அக்கா சொன்னாள். நான் உள்ளே வந்த புதிதில் நீங்கள் ஜெப விண்ணப்ப நேரத்தில் எழுந்து, "என் எபி தூரத்துல இருக்கான், அவனுக்காக ஜெபிங்க" என்று மட்டும்தான் சொன்னீர்கள். அதில் ஆஸ்திரேலியாவைச் சேர்த்தது எந்தப் புண்ணியவானோ. அடுத்த வாரச் சபைத் தாளிலேயே 'பெர்த் நகரில் பணிபுரியும் சகோதரர் எபநேசர்' என்று அச்சடித்துவிட்டார்கள். போதைப்பொருள் வழக்கில் ஐந்து வருஷம் வாங்கியவனுக்குக் கிடைத்த வெளிநாட்டு வேலை அது.

நீங்கள் அதைத் திருத்தாமல் விட்டது உங்களை அரிக்கிறது என்று எனக்குத் தெரியும். அரிக்க விடாதீர்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்கள் இருவரையும் தூக்கி வந்து, கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல் வளர்த்தீர்கள். உங்களுக்கு நான் கொடுத்த தலைகுனிவு போதும். வெளியே வரும்வரை பெர்த்திலேயே இருந்துவிட்டுப் போகிறேன்.

உங்கள் ஜெபத்தில் இருக்கும்,
எபி

05.02.2024

என் அருமைப் பிள்ளை எபிக்கு,

அத்தை எழுதுகிறேன். கர்த்தர் உன்னோடு இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இருமல் நின்றதா? இரண்டுக்கும் பதில் எழுது.

என் எழுத்து கோணலாக இருந்தால் பேனாவின் மேல் பழியைப் போடு. முழங்கால்தான் தொந்தரவு, வேறொன்றும் இல்லை. ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளுக்கு எது பெரிது எது சின்னது என்று தெரியாதா.

இங்கே வேலைக்குக் குறைவில்லை. போன வாரம் உட்லண்ட்ஸில் ஒரு சாவு. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே அடக்க ஆராதனை, பாட்டு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்று போன் வந்தது. போனேன். பாதிப் பாட்டில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. நம் பாடகர் குழு மருதப்பன் பக்கத்தில் நின்றதால் பிடித்துக்கொண்டார். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வீடு வீடாக உன்னைத் தோளில் தூக்கிப் போவாரே, அதே மருதப்பன்தான். அவர் இப்போது உன் மாதிரிப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு ஜெபம் நடத்தப் போய் வருகிறார். அதைக் கேட்டதிலிருந்து அவரைப் பார்த்தாலே எனக்குத் திக்கென்கிறது.

எதிர்வீட்டுப் பாக்கியலட்சுமிக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்தது. அவள் முருகன் படத்துக்கு விளக்கேற்றச் சொன்னாள், ஏற்றினேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து நான் என் ஜெபத்தைப் பண்ணினேன். யார் காதில் விழுந்ததோ, குச்சி வைத்துக்கொண்டு நடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு கட்டட வேலைக்கு வந்திருக்கும் பையன்களுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம்போல் நடக்கிறது. மீன் குழம்பு என்று தெரிந்தால் ஜெபத்துக்கு வராதவன்கூட வந்து நிற்கிறான். வரட்டும்.

இப்போது ஒரு சங்கடம். நம் சபை ரத்தினம்மாவின் பேரன் படிப்பதற்கு எங்கே போகிறான் தெரியுமா? பெர்த். "எபி அட்ரஸ் குடுங்க அக்கா. பிள்ளை தனியா போறான் லா. ஒரு வாரம் எபிகூட இருக்கட்டும், அப்புறம் ஹாஸ்டலுக்குப் போயிடுவான்" என்கிறாள். சபை அடுப்படியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். நான் மீன் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். எத்தனை நாளைக்கு மீன் கழுவுவது?

அவளிடம் என்ன சொல்லட்டும்? நீ சொல்வதைப்போல் செய்கிறேன். இது உன் விஷயம், உன்னைக் கேட்காமல் செய்ய எனக்கு மனமில்லை. சீக்கிரம் எழுது.

முத்தங்களுடன்,
அத்தை

16.02.2024

அன்புள்ள அத்தைக்கு,

எபி எழுதுவது. இருமல் நின்றுவிட்டது. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, உங்கள் மீன் குழம்பு மட்டும் வரவில்லை. உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்புகள்.

ரத்தினம்மா ஆன்ட்டியிடம் நான் டார்வினுக்கு மாற்றலாகிவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அங்கேயும் ஆள் அனுப்பினால் சுரங்கத்தில் வேலை, போன் எடுக்காது என்று சொல்லுங்கள். ஆஸ்திரேலியா பெரிய நாடு, நான் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

விளையாட்டு போகட்டும். எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், உண்மையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாதர் ஐக்கியத்தில் இத்தனை வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்தவர் நீங்கள். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் சண்டை என்றாலும் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். என்னால் அந்த இடம் உங்களுக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டால் என்னால் தாங்க முடியாது. இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

இந்த மாதமாவது வாருங்கள். காத்திருப்பேன்.

உங்கள்,
எபி

21.03.2024

அன்புத் தம்பி எபிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சுகம்தானே? நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.

அத்தைக்குக் கை வலி, அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக நான் அத்தையோடு டேக்கா பஃபலோ ரோட்டு வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். அத்தான் வேலை முடிந்து புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஒரே ரயிலில் வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார். துணைக்குத்தான் இருக்கிறேன், பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ரத்தினம்மா ஆன்ட்டி விஷயம் முடிந்துவிட்டது. அவர் பேரனுக்கு ஹாஸ்டலிலேயே இடம் கிடைத்துவிட்டது. இப்போது தினமும் வந்து அத்தையைப் பார்த்துவிட்டுப் போகிறார். நேற்று ஆட்டுக்கால் சூப் கொண்டு வந்தார். அத்தை அதில் இரண்டு கரண்டி குடித்தார்கள்.

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். டார்வின் வரை சிரித்தார்கள். பிறகு கடிதத்தை வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

நான் பார்க்க வராததற்கு மன்னித்துக்கொள். பள்ளியில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பரவி ஆசிரியர்கள் குறைந்துவிட்டோம். ஈஸ்டர் கழிந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ஹெப்சி அக்கா

03.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். அத்தைக்கும் அத்தானுக்கும் என் அன்பைச் சொல். உன் கடிதத்தில் யார் சுகம் என்றே இல்லை, 'இருக்கிறோம்' என்றுதான் இருக்கிறது. அத்தைக்கு முழங்காலும் கையும் மட்டும்தானே?

ஒரு விஷயம் நடந்தது. பயப்படாதே, நான் சமாளித்துவிட்டேன்.

ஈஸ்டர் ஆராதனை நடத்த இங்கே ஒரு குழு வந்தது. யார் என்று நினைக்கிறாய்? மருதப்பன் அங்கிள். மொட்டைத் தலையோடு கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணில் எப்படித்தான் பட்டேனோ, பாட்டு முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். "தம்பி, நீ அன்னம்மா அக்கா பிள்ளைதானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சாரி அங்கிள், ஆள் மாறிப் போச்சு. அன்னம்மான்னு எனக்கு யாரையும் தெரியாது" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "இல்ல தம்பி, அவங்கதான்" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் திரும்பி வரிசையில் போய் நின்றுகொண்டேன். அவர் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

அவர் நம்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பெர்த்தில் இருப்பவன் இங்கே எப்படி இருப்பான். அத்தையிடம் அவர் ஏதாவது கேட்டால், எபி நேற்றுதான் போன் பண்ணினான் என்று சொல்லச் சொல். அத்தை பெயருக்கு ஒன்றும் வராது.

உன் தம்பி,
எபி

27.04.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஈஸ்டர் கடிதம் வந்தது. உடனே பதில் எழுத முடியவில்லை. அத்தைக்கும் அதை வாசித்துக் காட்டினேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அத்தை கேட்கச் சொன்னார்கள். அத்தையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதுகிறோம். எங்கே பிறந்தார், எங்கே வேலை பார்த்தார், சபைக்கு என்ன செய்தார், யாரை வளர்த்தார் என்று இரண்டு பக்கம். சபையில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். அதில் உன் பெயரைப் போடலாமா? வளர்த்த பிள்ளைகள் ஹெப்சிபா, எபநேசர் என்று?

உன்னைக் கேட்காமல் போடக் கூடாது என்கிறார்கள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. உன் கையால் பதில் வர வேண்டுமாம்.

தம்பி, உன் மனதில் படுவதை எழுது. அத்தைக்கு எது நல்லது, சபை என்ன நினைக்கும் என்றெல்லாம் யோசிக்காதே. கடிதம் கிடைத்த அன்றைக்கே எழுதிவிடு. தள்ளிப் போடாதே.

அக்கா

06.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எபி எழுதுவது. நான் சுகம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நீ சொன்னபடி உடனே எழுதுகிறேன். மாதர் ஐக்கியத்தின் ஆண்டு விழாதானே? கடைசியில் அத்தைக்குச் சால்வை போடப் போகிறார்கள். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பாட்டுப் பாடி, சோறாக்கிப் போட்டதற்கு இப்போதாவது ஞானோதயம் வந்ததே. எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

என் பெயர் வேண்டாம் அக்கா. கண்டிப்பாக வேண்டாம். பெயரைப் போட்டால், எபி எங்கே, விழாவுக்கு வரவில்லையா என்று கேட்பார்கள். மருதப்பன் அங்கிள் வேறு அங்கே உட்கார்ந்திருப்பார். அவர் பார்த்த முகமும் கேட்ட பெயரும் சேர்ந்துவிடும். அத்தைக்கு ஒரே ஒரு நல்ல நாள், அதில் நான் எதற்கு? ஒரு பிள்ளையை வளர்த்தார் என்று எழுதிவிடு. அதுவும் டீச்சராகி ஒழுங்காக இருக்கிறது என்று சேர்த்துக்கொள்.

இதை அத்தைக்கு அப்படியே வாசித்துக் காட்டு. விழாவுக்கு அந்தப் பச்சைப் பட்டைக் கட்டச் சொல்.

உன் தம்பி,
எபி

25.05.2024

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. அதற்குள் அதிகாரி கூப்பிட்டார்.

அவர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லித்தான் சொன்னார். அத்தை என்றதும் எனக்கு முதலில் முழங்கால்தான் ஞாபகம் வந்தது. முழங்கால் வலியில் யாராவது சாவார்களா என்று அவரிடமே கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

கடைசியாக முகம் பார்க்க விண்ணப்பம் எழுதலாம், கிடைக்கும் என்று சொல்ல முடியாது, எழுதிப் பார் என்றார். தாளும் கொடுத்தார். நான் எழுதவில்லை அக்கா. நம் புளோக்குக்குக் கீழே நாற்காலி போட்டுச் சபை மொத்தமும் உட்கார்ந்திருக்கும். நான் கைவிலங்கோடு, பக்கத்தில் இரண்டு பேரோடு வந்து நின்றால் அத்தை இத்தனை நாள் காப்பாற்றியது எல்லாம் பெட்டிக்கு முன்னாலேயே போய்விடும். வெறும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என்ன வியாதி? எப்போதிலிருந்து? ஏன் சொல்லவில்லை?

எபி

12.06.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கு அத்தான் என் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு என்னை மேசையில் உட்கார வைத்தார். நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

கணையத்தில் புற்றுநோய். போன வருஷம் நவம்பரிலேயே தெரியும். அத்தை நர்ஸ் என்பதால் டாக்டர் சொல்லும் முன்பே தெரிந்துகொண்டார்கள். "அவன் உள்ள இருந்துட்டு என்ன பண்ணுவான்? சுவத்துல முட்டிக்குவான். சொல்லாதே" என்றார்கள். சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அத்தை படுத்துவிட்ட பிறகு நான் உன்னைப் பார்க்க வராததற்குப் பள்ளி காரணமில்லை. என் முகத்தைப் பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

சபைக்கு எல்லாம் தெரியும் எபி. பிப்ரவரியிலேயே தெரியும். ரத்தினம்மா ஆன்ட்டியிடம் என்ன சொல்லட்டும் என்று அத்தை உன்னைக் கேட்டு எழுதினார்கள் இல்லையா, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெப விண்ணப்ப நேரத்தில் எழுந்து நின்றார்கள். அன்றைக்கு நிற்கவே முடியவில்லை, முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். "என் பிள்ளை பெர்த்துல இல்ல. ஜெயில்ல இருக்கான். ரெண்டு வருஷமா உங்கள எல்லாம் தப்பான ஊருக்கு ஜெபம் பண்ண வச்சுட்டேன். எனக்கு நாள் அதிகம் இல்ல. இனிமே சரியான இடத்துக்கு ஜெபிங்க" என்றார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ரத்தினம்மா ஆன்ட்டிதான் எழுந்து வந்து அத்தையைப் பிடித்து உட்கார வைத்தார். அந்த வாரத்திலிருந்து சபைத் தாளில் உன் பெயரோடு ஊர் இல்லை.

உன் டார்வின் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. உண்மையை மட்டும் சொல்லாதீர்கள் என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டதும் அத்தை பயந்துவிட்டார்கள். அத்தை எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. "கேட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள சொல்லிட்டேனே. அவன் வெளிய வந்து எந்த முகத்தோட சபைக்கு வருவான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடிதத்தில் எழுதினால் நீ தனியாக இருந்து உடைந்துபோவாய், ஆள் பக்கத்தில் இருந்து பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் மருதப்பன் அங்கிளை அனுப்பினார்கள். சபைக்குத் தெரியும், யாரும் உன்னை வெறுக்கவில்லை, அத்தைக்கு முடியவில்லை. இந்த மூன்றையும் சொல்லத்தான் அவர் வந்தார்.

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். நீ சொன்னதைத் திரும்பி வந்து அப்படியே சொன்னார்.

அதன் பிறகு அத்தைக்குத் தைரியம் போய்விட்டது. அவனுக்கு இவ்வளவு வெட்கம் இருக்கிறது, நான் ஊரறியச் சொல்லிவிட்டேன், இனி எதையும் அவனிடம் சொல்லாதே என்றார்கள். அந்தக் குறிப்பு ஆண்டு விழாவுக்கு இல்லை. அடக்க ஆராதனையில் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பு. படுத்துக்கொண்டே அவர்கள் சொல்ல, நான் எழுதினேன். உன் பெயர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். "ஒரு தரம் கேக்காம சொல்லிட்டேன். இன்னொரு தரம் மாட்டேன்" என்றார்கள்.

புளோக்குக்குக் கீழே இடம் போதவில்லை. டேக்காவில் கறிக்கடை, பூக்கடைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். பாக்கியலட்சுமி ஆன்ட்டி குச்சியை ஊன்றிக்கொண்டு கடைசிவரை நின்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும் பையன்கள் வேலை முடிந்து லாரியிலிருந்து இறங்கி, சிமெண்ட் படிந்த பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றார்கள். நீ வந்திருந்தால் விலங்கோடும் உனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருப்பார்கள். உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. உனக்குத் தெரிய வேண்டும்.

குறிப்பில் உன் பெயர் இல்லை.

அக்கா

19.06.2024

அக்கா,

உன்மேல் எனக்குக் கோபமில்லை. சாப்பிடு. தூங்கு.

ஒன்றை மட்டும் சொல். என் பதிலை வாசித்துக் காட்டினாயா? என்ன சொன்னார்கள்? எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும் என்று எதையும் மாற்றாதே. நடந்ததை எழுது.

எபி

05.07.2024

அன்புத் தம்பிக்கு,

கேட்டுவிட்டாய். எழுதுகிறேன்.

வாசித்தேன். அத்தைக்கு அப்படியே வாசித்துக் காட்டு என்று நீ எழுதியிருந்தாய். அதையும் சேர்த்தே வாசித்தேன். மதிய நேரம், ரத்தினம்மா ஆன்ட்டி காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். சால்வை என்று வந்த இடத்தில் அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஒரு பிள்ளையை வளர்த்தார் என்று எழுதிவிடு என்ற வரியை வாசித்ததும், "நிஜமாவே அப்படி எழுதியிருக்கானா? இன்னொரு தரம் வாசி" என்றார்கள். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, அவன் உங்களுக்காகத்தான் வேண்டாம்னு சொல்றான். உங்க மானம் போயிடக் கூடாதுன்னு சொல்றான்" என்றேன்.

"தெரியும்" என்றார்கள். "தெரிஞ்சா வலிக்காதா?"

மறுநாள் கஞ்சி கொடுக்கும்போது குறிப்பை எடுத்து வரச் சொன்னார்கள். ஒரு பிள்ளை என்று போட மாட்டேன், அது பொய், ஒரு பொய்யோடு பட்டது போதும் என்றார்கள். உன் பேச்சையும் மீறமாட்டேன் என்றார்கள். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்கள், நான் எழுதிக்கொண்டேன். அடக்கத்தில் போதகர் அதைத்தான் வாசித்தார்:

"இவர் தம் சகோதரனின் இரண்டு பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக வளர்த்தார். மூத்தவள் ஹெப்சிபா. இளையவன் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்."

அங்கே இருந்த அத்தனை பேருக்கும் உன் பெயர் தெரியும். வாரா வாரம் சொல்லி ஜெபித்த பெயர். ஒருவரும் தலை நிமிரவில்லை.

அவர்கள் உன்னைக் கோபித்துக்கொள்ளவில்லை எபி. ஆனால் நீ சரி என்று எழுதுவாய் என்று காத்திருந்தார்கள். தபால் வரும் நேரத்துக்குக் கதவைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். நீ மாற்ற வேண்டாம் என்றாய், அதனால் இதையும் எழுதிவிட்டேன்.

வரும் வாரம் உன்னைப் பார்க்க வருகிறேன். இனி என் முகத்தில் மறைக்க ஒன்றுமில்லை.

அக்கா

22.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து கொஞ்சம் தூக்கம் வருகிறது. நீ இளைத்துவிட்டாய், உடம்பைப் பார்.

நேற்று மருதப்பன் அங்கிளின் குழு மறுபடி வந்தது. ஜெப விண்ணப்பம் இருப்பவர்கள் சொல்லலாம் என்றார். இங்கே யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அப்பீலுக்கு, வீட்டில் உடம்பு சரியில்லாத அம்மாவுக்கு என்று உட்கார்ந்தபடியே முணுமுணுப்பார்கள். நான் எழுந்து நின்றேன்.

"அங்கிள், அன்னைக்கு நீங்க கேட்டீங்க. நான் அன்னம்மாவோட பிள்ளைதான். எபநேசர்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும் தம்பி" என்றார். பக்கத்தில் இருந்தவன், "யாரு ப்ரோ அன்னம்மா?" என்று கேட்டான். அவ்வளவுதான் நடந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவன் தன் விண்ணப்பத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டான். நான் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மூச்சில் சொல்லி முடிகிற விஷயமாக இருந்தது அக்கா. இதைத்தான் அவரிடம் ஒரு முறை, உன்னிடம் ஒரு முறை, அந்த அதிகாரியிடம் ஒரு முறை சொல்லாமல் விட்டேன். அத்தை கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்ததும் இவ்வளவு சின்னதுக்குத்தான். சொல்லிவிட்டேன், கேட்க வேண்டியவர்கள் இல்லை.

இப்படிக்கு,
அன்னம்மாவின் பிள்ளை
எபநேசர்